மெர்போக் செத்த ஞாயிறு

குணாளனிடம் இன்னும் சொல்லவில்லை.
பூனை என்கிறான்.
புகைமூட்டம் என்கிறான், சுமத்ராவில்
எவனோ காட்டைக் கொளுத்தியதற்கு
பத்தாங் பெர்ஜுந்தையில் என் பறவை போச்சு என்கிறான்.
ரொஸ்னா அக்காவின் மச்சானுக்கு
அதன் மேல் ஒரு கண் இருந்தது என்று
நேற்று சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

நானூறு வெள்ளி மெர்போக்.
அடுப்படி ஜன்னலில் கூண்டு.
மூன்று முறை கூவி, கொஞ்சம் யோசித்து,
நாலாவது கூவும்.
அந்த நாலாவதுக்குத்தான் நானூறு வெள்ளி.

அன்றைக்கு அடுப்பில் புதுச் சட்டி.
தவணைக்காரி தவமலர் போனில்.
மாசம் நாற்பத்தைந்து, இன்னும் ஏழு மாசம்.
"ஒரு சொட்டு எண்ணெய் வேணாங்க்கா,
முட்டை வழுக்கிக்கிட்டு ஓடும் பாருங்க."
ஓடத்தான் செய்தது.
பேச்சு அவள் மகளின் சடங்குக்குப் போய்,
சடங்கிலிருந்து மண்டப வாடகைக்குப் போய்,
வெறும் சட்டி
கேஸின் நீலத்தில் உட்கார்ந்திருந்தது.
புகை என்று சொல்லமுடியாது.
யாரோ இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்ட மாதிரி ஒரு வாசம்.
எனக்குத் தொண்டை கமறியது, அவ்வளவுதான்.
திரும்பினால்
அது கூண்டுத் தரையில்.
சட்டியில் ஒட்டாதது
அந்தச் சுண்டைக்காய் நெஞ்சில் ஒட்டிவிட்டிருந்தது.

பதினாறு வருசம் செம்பனைக்கு மருந்தடித்தவன் என் புருசன்.
முதுகில் பம்பு, முகத்தில் மூடி, முழங்கை வரை உறை.
விஷத்தை அவனுக்குத் தெரியும்.
விஷம் என்றால் டின்னில் மண்டையோடு இருக்கும்.
விஷம் என்றால் நாறும்.
கையெழுத்துப் போட்டுத்தான் ஸ்டோரில் எடுக்கவேண்டும்.
சட்டி வந்த பெட்டியில்
ஒரு வெள்ளைக்காரி கீரையோடு சிரிக்கிறாள்.

விடிகாலை ஐந்தரைக்கு என் மேசை.
நாசி லெமாக் எழுபது பொட்டலம்,
சம்பல் சூட்டோடு, வழவழத் தாளில்.
எண்ணெய் இறங்காத தாள், கை நனையாத தாள்.
எண்ணெயையே தள்ளி நிறுத்துவது எது என்று
ஒன்பது வருசமாக நான் கேட்டதில்லை.
கொதிக்கக் கொதிக்கத் தே தாரிக், பிளாஸ்டிக் பையில்,
ஓரத்தில் ராஃபியா முடிச்சு.
லாரிக்காரன் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போவான்.

உருண்டு புரண்டாலும்
ஒட்டுகிற மண்தான் ஒட்டும் என்பார்கள்.
அது மண்ணைப் பற்றிய பேச்சு.
இதுவோ ஒட்டவே மாட்டேன் என்று
சத்தியம் பண்ணி வீட்டுக்குள் வந்து
இரத்தத்தில் குடியிருக்குமாம், வருசக்கணக்கில்,
வாடகை இல்லாமல்.
கிளினிக் நர்ஸ் நேசமணி சொன்னது.
என் கழுத்துக் கட்டிக்கு மாத்திரை வாங்கும் நாளில்
டாக்டரிடமே கேட்டேன்: அதனாலயா?
பேனா மூடியைத் திருகினார்.
இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
யாரால் என்று கட்டியில் பேர் எழுதியிருக்காதும்மா.
அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

பழைய இரும்புக்கல்லை எடுத்தேன்.
முதல் தோசை கிழிந்தது. இரண்டாவதும்.
திவ்யாஷினி தட்டைப் பார்த்து
"இது என்னம்மா, சபா சரவாக்கா?" என்றாள்.
சட்டி சிங்க்குக்குக் கீழே கவிழ்ந்து கிடக்கிறது.
தவணை மட்டும் நிமிர்ந்து நடக்கிறது.

வாழையிலை வாங்கிப் பார்த்தேன்.
பொட்டலத்துக்கு இருபது காசு கூட.
ஏத்திட்டீங்களே என்று
எட்டுப் பேர் எதிர் மேசைக்குப் போனார்கள்.
இப்போது பாதி இலை, பாதி தாள்.
பள்ளிப் பிள்ளைகள் கை நீட்டினால் இலை.
பெரியவர்களுக்குத் தாள்.
நிமிர்ந்து பார்க்காமல் சில்லறை எண்ணித் தருகிறேன்.

இன்று சாயங்காலம்
குணாளன் இன்னொன்று வாங்கி வந்தான்.
இருநூற்றைம்பதுதான், மூன்றோடு நிறுத்திக்கொள்ளுமாம்.
கூண்டைத் தூக்கிக்கொண்டு நேரே
அடுப்படி ஜன்னலுக்குப் போனான்.
"அங்க வேணாம்" என்றேன்.
"வெளியில மாட்டு. காத்து வரும்."
"பூனை வருமே?"
"பூனைய நான் பாத்துக்கிறேன்."